நம் நூலைப் பற்றி இணையத்தில் யார் என்ன எழுதினாலும் கண்ணில் படவைப்பது எப்படி?

#1 அச்சுக்கோப்பு

தமிழில் கதை, நாவல் எழுதுபவர்களுக்கான கேள்வி. சிறு பதிப்பகம், விளம்பரத்துக்கு ஆள் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலைப்பூ, முகநூல், யூடியூப், குட்ரீட்ஸ் என்ற நூல் மதிப்புரைத் தளம், ஆய்வேடு என எங்கே நூலின் பெயர் வந்தாலும் தெரிய வேண்டும், அதுவும் காசில்லாமல். கூகுள் அலர்ட்டில் (கேட்ட சொல் இணையத்தில் புதிதாக வந்தால் தெரிவிக்கும் சேவை) நூற்பெயரை மேற்கோள்குறிக்குள் போட்டால் வாரக்கணக்கில் ஒன்றுமே வருவதில்லை. கையால் தேடினால் மட்டும் நாலைந்து பதிவு அகப்படுகிறது. கோளாறு எங்கே?

பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனைப் பெயர்: நாவல் "உப்பாற்றுப் பாலம்", ஆசிரியர் கதிரவன்.

#2 சொல்வேட்டை

கோளாறு பாதி அலர்ட் அமைப்பில், பாதி தமிழில். தமிழை முதலில் பார்ப்போம்.

மேற்கோள்குறிக்குள் போட்டால் கூகுள் அந்த வடிவத்தை மட்டும்தான் தேடும். விமர்சனம் எழுதுகிறவர் "உப்பாற்றுப் பாலம்" என்று ஒரு தடவைதான் எழுதுவார், சமயத்தில் அதுவும் அட்டைப் படத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடுவார். மற்றபடி எல்லாம் "உப்பாற்றுப் பாலத்தை", "உப்பாற்றுப் பாலத்தின்", "உப்பாற்றுப் பாலத்தில் வரும்" என்றுதான் ஓடும். கடைசி "ம்" போய் "அத்து" என்ற சாரியை வந்ததும் சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. போதாததற்கு "ப்" என்ற ஒற்றை விழுங்கி "உப்பாற்று பாலம்" என்பார்கள், சேர்த்து "உப்பாற்றுப்பாலம்" என்பார்கள். உடுக்குறி (*) போட்டுச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. கூகுளில் உடுக்குறி முழுச் சொல்லுக்குத்தான் பதிலாக நிற்கும், சொல்லின் வாலுக்கு நிற்காது.

எல்லா வடிவத்தையும் "அல்லது" என்று பொருள்படும் நிமிர்கோடு போட்டு அடுக்கலாம்:

"உப்பாற்றுப் பாலம்" | "உப்பாற்றுப் பாலத்தை" | "உப்பாற்றுப் பாலத்தின்" | "உப்பாற்றுப் பாலத்தில்" | "உப்பாற்று பாலம்" | "உப்பாற்றுப்பாலம்"

ஆனால் ஒரு தேடலுக்கு 32 சொல்தான் வரம்பு. அதற்கு மேல் போவதைக் கூகுள் கண்டுகொள்ளாது.

இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. வேற்றுமை உருபு எப்போதும் கடைசிச் சொல்லில்தான் ஒட்டும், முன்னால் நிற்கும் சொல் அசையாது. ஆகவே கடைசிச் சொல்லை வெட்டிவிடுங்கள்:

("உப்பாற்றுப்" | "உப்பாற்று") (நாவல் | நாவலை | நாவலில் | கதிரவன் | கதிரவனின்)

மூன்று சொல் தலைப்பு என்றால் முதல் இரண்டை மட்டும் மேற்கோளுக்குள் வையுங்கள். ஒற்றைச் சொல் தலைப்பு, அதுவும் "நிழல்", "வேர்" மாதிரி என்றால் ஆசிரியர் பெயர் இல்லாமல் தேடவே வேண்டாம், குப்பைதான் வரும்.

இனி அலர்ட் பக்கம். தேடுசொல்லை இட்டதும் "விருப்பங்களைக் காட்டு" என்று கீழே ஒரு இணைப்பு வரும், பலர் அதைத் திறப்பதே இல்லை. அதற்குள் மூன்றை மாற்றுங்கள்.

மொழி: கணக்கின் மொழியை ஒட்டி ஆங்கிலம் என்று நின்றுகொண்டிருக்கும். "எந்த மொழியும்" ஆக்குங்கள். உங்களுக்கு ஒன்றும் வராததற்கு அநேகமாக இதுதான் காரணம்.

எத்தனை: "சிறந்த முடிவுகள் மட்டும்" என்பதை "எல்லா முடிவுகளும்" ஆக்குங்கள். நானூறு பேர் படிக்கும் வலைப்பூவைக் கூகுள் ஒருநாளும் சிறந்ததில் சேர்க்காது.

அனுப்புமிடம்: மின்னஞ்சலுக்குப் பதில் ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதிதாக வருவதைத் தானாகப் பட்டியலிட்டுத் தரும் முகவரி; ஓடை வாசிப்பான் என்ற செயலியில் இட்டுப் படிக்கலாம். மின்னஞ்சலாக வந்தால் விளம்பரக் கட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

பகுதியை எந்தப் பகுதியும் என்றே விடுங்கள். இந்தியா என்று குறுக்கினால் டொராண்டோவிலும் கோலாலம்பூரிலும் எழுதுகிறவர்கள் போய்விடுவார்கள். ஒரு கணக்குக்கு 1000 அலர்ட் வரை வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே வரியில் திணிக்காமல் நூற்பெயருக்கு ஒன்று, ஆசிரியர் பெயருக்கு ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் எது குப்பை தருகிறது என்று தெரியும்.

#3 ஏட்டுப்புழு

> ஒற்றை விழுங்கி "உப்பாற்று பாலம்" என்பார்கள்

"உப்பாறு பாலம்" என்றும் வரும், சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலர்ட்டை இவ்வளவு நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. கூகுள் தன் பட்டியலில் சேர்த்த பக்கத்தைத்தான் அது சொல்லும். மாதம் ஒரு பதிவு வரும் பிளாக்கர் (கூகுளின் வலைப்பூச் சேவை) தளத்தைக் கூகுள் எப்போது எட்டிப்பார்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழில் நூல் விமர்சனம் தொடர்ந்து வரும் இடங்களை எண்ணினால் ஐம்பது அறுபதுக்கு மேல் போகாது. சொல்வனம், திண்ணை, பதிவுகள், வல்லினம், கனலி மாதிரி இணைய இதழ்கள், பிறகு வாசகர்களின் சொந்தத் தளங்கள். அவற்றின் ஓடைகளை நேரே எடுத்து வைத்துக்கொள்வதுதான் உறுதியான வழி.

பிளாக்கர் தளம் என்றால் முகவரிக்குப் பின்னால் "ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டீஃபால்ட்" என்ற மூன்றையும் சாய்கோடு இட்டு ஆங்கிலத்தில் சேர்த்தால் ஓடை வரும். "போஸ்ட்ஸ்" இருக்கும் இடத்தில் "கமெண்ட்ஸ்" போட்டால் மறுமொழிகளின் ஓடை. நல்ல சண்டையெல்லாம் மறுமொழியில்தான் நடக்கும், அதை விட்டுவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளத்தில் வெறுமனே சாய்கோடும் "ஃபீட்" என்ற சொல்லும் போதும்.

எங்கே தப்பிப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸ் ஓடையில் இயல்பாகக் கடைசிப் பத்துப் பதிவுதான் இருக்கும். தினம் நாலு பதிவு போடும் தளத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் நடுவில் இருப்பது போயே போச்சு. பிளாக்கரில் தளக்காரர் ஓடையைச் "சுருக்கம்" என்று வைத்திருந்தால் பதிவின் முதல் சில வரிதான் வரும். பத்தாவது பத்தியில் உங்கள் நூல் வந்தால் தெரியாது. அந்தத் தளங்களைத் தனியே குறித்துவைத்து மாதம் ஒருமுறை தளத்துக்குள்ளேயே தேடுங்கள்.

வேர்ட்பிரஸ் தளத்துக்குள் தேடும்போது சொல்வேட்டை சொன்ன உருபுத் தொல்லை கிடையாது. வேர்ட்பிரஸின் உள்தேடல் எழுத்துத் துண்டைத் தேடுகிறது, சொல்லை அல்ல. அதனால் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு "கதிரவன" என்று தேடுங்கள். கணினிக்கு "ன்" என்பது ன-வும் புள்ளியும் அடுத்தடுத்து, "னி" என்பது ன-வும் இகரக் குறியும். ஆகவே "கதிரவன" என்ற துண்டு கதிரவன், கதிரவனின், கதிரவனுக்கு, கதிரவனும் எல்லாவற்றிலும் உண்டு. "பாலம்" விஷயத்தில் இன்னும் பின்வாங்கி "பால" வரை போக வேண்டும், அது பால்காரர் வரை இழுத்துவரும். அங்கே "உப்பாற்ற" என்று முன்சொல்லைப் பிடியுங்கள்.

#4 அச்சுக்கோப்பு

மொழி ஆங்கிலம் என்றுதான் இருந்தது. மாற்றியாயிற்று, நன்றி.

ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் முகநூலில்தானே நடக்கிறது? அதற்கு ஓடையும் இல்லை, அலர்ட்டும் இல்லை.

#5 மூலப்படி

முகநூலுக்கு முழு வழி இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுப் பதிவுகளைக் கண்காணிக்க ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பயன்படுத்திய கிரௌடுடாங்கிள் என்ற கருவியையும் முகநூலின் உரிமையாளரான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. "முகநூலையும் சேர்த்துக் கண்காணிக்கிறோம்" என்று காசு கேட்கும் சேவைகளிடம், தனிநபர் பதிவுகளில் சொல்லைத் தேடித்தர முடியுமா என்று கேளுங்கள். பேச்சு பக்கங்களுக்கும் விளம்பரத்துக்கும் மாறிவிடும்.

கையால்தான் செய்ய வேண்டும். தேடுபெட்டியில் சொல்லை இட்டு "பதிவுகள்" தாவலுக்குப் போய், "அண்மைப் பதிவுகள்" என்ற வடிகட்டியைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் முகநூல் தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்தும். பிறகு ஆண்டு வடிகட்டி. வாசிப்புக் குழுக்களில் பொதுத்தேடல் சரியாக எட்டுவதில்லை, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருக்கும் பூதக்கண்ணாடியை அழுத்தித் தேட வேண்டும். நண்பர்களுக்கு மட்டும் போட்ட பதிவு நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் நிலைமை நல்லது. கணக்கோடு உள்ளே போனால்தான் தேடல். "சமீபத்தியவை" தாவலுக்குப் போங்கள். ஆசிரியர் தானே போட்ட பதிவுகளைக் கழிக்க, கழித்தல் குறியோடு "ஃப்ரம்", முக்காற்புள்ளி (:), தன் கணக்குப் பெயர் என்று சேருங்கள். ஆங்கில எழுத்தில் நூற்பெயரைத் தேடும்போது வேற்றுமொழிக் குப்பை வந்தால் "லாங்", முக்காற்புள்ளி, "டிஏ" என்று போட்டால் தமிழ்ப் பதிவு மட்டும் நிற்கும். ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களின் பதிவை அந்தத் தளம் தமிழ் என்று எண்ணாது, அதனால் ஒருமுறை வடிகட்டியோடும் ஒருமுறை இல்லாமலும் பாருங்கள். பல பத்திகளை அருகருகே வைத்துப் பார்க்க உதவிய ட்வீட்டெக் 2023 முதல் கட்டணச் சேவை, ஒரு நாவலுக்காக அதை வாங்க வேண்டாம்.

யூடியூப்: தேடல் பெரும்பாலும் தலைப்பையும் விளக்கக் குறிப்பையும் நம்பியிருக்கிறது. "இந்த மாதம் படித்த ஐந்து நூல்கள்" என்ற காணொளியில் மூன்றாவதாக உங்கள் நூலைப் பற்றி ஆறு நிமிடம் பேசியிருந்தாலும், விளக்கத்தில் பெயர் இல்லாவிட்டால் அகப்படாமல் போகலாம். நூல் பேசும் அலைவரிசைகள் பத்துப் பதினைந்தைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை உண்டு, அலைவரிசைப் பக்கத்தின் முகவரியை ஓடை வாசிப்பானில் ஒட்டினால் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும்.

குட்ரீட்ஸ்: தமிழ் நூலுக்கு அங்கே இரண்டு மூன்று பக்கம் இருப்பது சாதாரணம். ஒருவர் தமிழில் சேர்த்திருப்பார், ஒருவர் ஆங்கில எழுத்தில், இன்னொருவர் கிண்டில் பதிப்பைத் தனியாக. மதிப்புரைகள் அவற்றுக்கிடையே சிதறிக் கிடக்கும். அங்குள்ள நூலகர் குழுவில் கேட்டால் பதிப்புகளை இணைத்துவிடுவார்கள். ஆசிரியர் பக்கத்தை உரிமை கோரும் முன் இதைச் செய்யுங்கள். ஒரே பெயரில் வேறு எழுத்தாளர் இருந்தால் குட்ரீட்ஸ் பெயருக்கு நடுவே கூடுதல் இடைவெளி விட்டுத்தான் அவர்களைப் பிரிக்கிறது. அந்த இடைவெளியை யாராவது விட மறந்தால் அவருடைய நூல் உங்கள் கணக்கில் வந்து நிற்கும்.

#6 அடுக்கெண்

எல்லோரும் பெயரையே துரத்துகிறீர்கள். எண்ணைத் துரத்துங்கள்.

நூலின் பின்னட்டையில் பட்டைக்குறியோடு இருக்கும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு வேற்றுமை உருபு கிடையாது! 13 இலக்கத்தை இடைக்கோடு இல்லாமல் ஒரு அலர்ட், பின்னட்டையில் இருக்கிறபடி இடைக்கோட்டோடு ஒன்று. கடை, நூலகப் பட்டியல், பாடத்திட்ட நூற்பட்டியல், கவனமாக எழுதும் விமர்சகர் எல்லாம் இதில் சிக்கும். இந்தியப் பதிப்பு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். இலங்கையில் மறுபதிப்பு வந்திருந்தால் அது 978-955 அல்லது 978-624 என்று வேறு எண்ணாக இருக்கும், அதையும் தனியே போட வேண்டும்.

அட்டைப் படத்தையும், படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் இட்டுப் பாருங்கள். பெயரே எழுதாமல் படத்தை மட்டும் போட்ட பதிவும், திருட்டு பிடிஎஃப் தளமும் அதில்தான் வெளிப்படும்.

ஆய்வேடுகளுக்கு, ஆய்வுகளை மட்டும் தேடும் கூகுள் ஸ்காலரில் தனி அலர்ட் உண்டு. தேடல் முடிவுப் பக்கத்தின் ஓரத்தில் கடித உறைக் குறி இருக்கும். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் காந்திநகர் இன்ஃபிளிப்நெட் நிறுவனத்தின் சோத்கங்கா என்ற மின்காப்பகத்தில் இயல் இயலாகப் பிடிஎஃப் ஆகக் கிடக்கின்றன. அங்கேதான் ஒரு வேடிக்கை. தமிழ்த்துறை ஆய்வேடுகளில் பழையவை பல பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினியில் "தமிழ்" என்று காகிதத்தில் தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். ஒருங்குறித் (யூனிகோடு) தமிழில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் வராது. எழுத்துரு மாற்றி ஒன்றில் நூற்பெயரை ஒருங்குறியிலிருந்து பாமினிக்கு மாற்றி, வரும் உளறலை அப்படியே மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அச்சிதழ்களின் பிடிஎஃப்களுக்கும் இதே வைத்தியம். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்த பிறகும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் ஓய்ந்தபாடில்லை.

ஈழத்து இதழ்களில் வந்த மதிப்புரை என்றால், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவைக்கும் "நூலகம்" என்ற தளம். இதழ் வருடிய (ஸ்கேன் செய்த) படமாக இருந்தாலும் பல இதழ்களின் பக்கத்தில் உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள், தலைப்பில் பெயர் இருந்தால் கிடைத்துவிடும்.

வெளிநாட்டு நூலகங்கள் எதில் நூல் இருக்கிறது என்று வேர்ல்டுகேட் என்ற கூட்டு நூலகப் பட்டியலில் பார்க்கலாம். அங்கே தமிழை ரோமன் எழுத்தில், ழ ள ற ன-வுக்கு அடிக்கோடும் புள்ளியும் இட்டு எழுதும் நூலக முறை நடக்கிறது. நம் வாட்ஸப் எழுத்துக்கூட்டலில் தேடி "இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். ஐஎஸ்பிஎன் இட்டால் வேலை முடிந்தது.

#7 சொல்வேட்டை

அடுக்கெண் சொன்னதோடு ஒட்டியது: ஒருங்குறியிலேயே பொய்த்தமிழ் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வேறு.

ஔ-வை ஒ போட்டு ள போட்டு இரண்டாக எழுதுவது (ஒளவை) பெரும்பான்மை என்றே சொல்லலாம். பெயரில் "கௌ", "சௌ" இருப்பவர்கள் இரண்டு வடிவத்தையும் சேர்க்காவிட்டால் பாதி போய்விடும். "ஸ்ரீ" இரண்டு விதமாகக் குறியேற்றப்படுகிறது, ஸ-வில் தொடங்கி ஒன்று, 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶ-வில் தொடங்கி ஒன்று. வருடி எழுத்தாக்கிய பக்கங்களில் எ இருக்க வேண்டிய இடத்தில் ஏழைக் குறிக்கும் ௭, அ-வுக்குப் பதில் எட்டைக் குறிக்கும் ௮, துணைக்காலுக்குப் பதில் ர. கடைசிக் குளறுபடி நம்மூர் மின்னூல்களில் ஏராளம்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு காடு. "உப்பாற்று" என்பதில் ற்று-வுக்கு டி-ஆர்-யு என்பார் ஒருவர், டி-டி-ஆர்-யு என்பார் இன்னொருவர், யாழ்ப்பாணத்துக்காரர் இரண்டு ஆர் போடுவார். ஆ-வுக்கு ஒரு ஏ-வா இரண்டு ஏ-வா என்று பெருக்கினால் ஆறு வடிவம். ஆறையும் ஒரே அலர்ட்டில் நிமிர்கோட்டால் பிரித்து இடுங்கள். அட்டையிலோ உரிமைப் பக்கத்திலோ பதிப்பகம் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டலை அச்சிட்டிருந்தால் கடைகள் அதையே பிடித்துக்கொள்ளும். அடுத்த நூலுக்கு அதை முதலிலேயே தீர்மானித்து எல்லா இடத்திலும் ஒன்றாக வைப்பது நல்லது.

#8 அச்சுக்கோப்பு

தேடும்போது பிடிஎஃப் இணைப்புகளும் சேர்ந்து வருமே. டெலிகிராமில் தேடினாலே கிடைக்கிறது. அதற்கு என்ன செய்வது? அப்புறம், பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டும் விமர்சனங்கள்?

#9 வழக்கேடு

இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(அ) பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. விமர்சகர் நாலு பத்தி எடுத்துப் போட்டால் அது திருட்டாகாது. முழு நூலும் பிடிஎஃப் ஆக ஏறியிருந்தால் கதை வேறு.

அதற்கு 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதி. கோப்பு இருக்கும் இடத்தை வைத்திருப்பவருக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: நூலை அடையாளம் காட்டும் விவரம், உரிமை உங்களுடையது என்பதற்கான சான்று, இது 52ஆம் பிரிவின் விலக்குக்குள் வராது என்பதற்கான காரணம், கோப்பு இருக்கும் துல்லியமான முகவரி, ஏற்றியவர் தெரிந்தால் அவர் விவரம், வழக்குத் தொடுத்து 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணையைத் தருவேன் என்ற உறுதிமொழி. ஏற்றுக்கொண்டால் அவர்கள் 36 மணி நேரத்துக்குள் அணுக்கத்தை நிறுத்த வேண்டும். 21 நாளில் ஆணை போகாவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். அந்த உறுதிமொழியை விட்டுவிட்டு அனுப்பினால் விதி கேட்கும் புகாராகவே அது நிற்காது.

புகாரில் தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுக்காதீர்கள். டெலிகிராம் என்றால் அலைவரிசையின் பெயர் போதாது, அந்தக் குறிப்பிட்ட செய்தியின் இணைப்பை நகலெடுத்துக் கொடுங்கள். கூகுளின் நீக்கப் படிவம் தேடல் முடிவிலிருந்து மட்டும்தான் எடுக்கும், கோப்பு அங்கேயே இருக்கும். அந்தப் புகாரின் நகல் லூமன் என்ற பொதுத் தரவகத்துக்குப் போவதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், பதிப்பக ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மின்வடிவ உரிமையைத் தனியுரிமையாகப் பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்தால் புகாரை அவர்கள் அனுப்புவதே முறை.

#10 ஏட்டுப்புழு

கிடைத்ததைச் சேமிப்பது பற்றி யாரும் பேசவில்லை. தமிழ் வலைப்பூக்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைவதில் பேர்போனவை, கூகுளின் தற்காலிக நகலும் 2024இல் போய்விட்டது. விமர்சனம் கண்ணில் பட்ட அன்றே வேபேக் மெஷின் என்ற இணையப் பக்கக் காப்பகத்தில் "இப்போதே சேமி" பெட்டியில் முகவரியை இட்டு நகலெடுங்கள். முகநூல் பதிவு அதில் சரியாக ஏறாது, நாளும் பெயரும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

கூகுள் ஷீட்ஸ் விரிதாளில் ஆறு பத்தி (நெடுவரிசை) போதும்: நாள், எங்கே, யார், இணைப்பு, வேபேக் நகல், வகை. வகை என்பது விமர்சனம், போகிறபோக்கில் ஒரு குறிப்பு, பட்டியல், கடை, திருட்டு. எத்தனை "லைக்" என்று ஒரு பத்தி போடத் தோன்றும், போடாதீர்கள். அது தினம் மாறும், தினம் பார்க்கவைக்கும்.

ஓடைகளையும் அதே கோப்பின் இன்னொரு தாளில் வாங்கலாம். "இம்போர்ட்ஃபீட்" என்ற சூத்திரத்தில் ஓடை முகவரியைக் கொடுத்தால் தலைப்பு, சுருக்கம், இணைப்பு வரும். பக்கத்துப் பத்தியில் எழுத்துத் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் "ரெஜெக்ஸ்மேட்ச்" சூத்திரத்தை வைத்து "உப்பாற்ற|கதிரவன" என்ற துண்டைத் தேடுங்கள். இங்கேயும் கடைசிப் புள்ளி வேண்டாம். கோப்பு திறந்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும்.

#11 பொடிநடை

இத்தனையும் செய்துவிட்டு அடுத்த நாவலை எப்போது எழுதுவது?

#12 மூலப்படி

ஞாயிறு காலை அரை மணி நேரம். அதற்கு மேல் பார்த்தால் விமர்சனத்துக்குப் பதில் எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். ஆசிரியர் பெயர் தவறு, ஆண்டு தவறு மாதிரி விவரப் பிழை என்றால் தனிச்செய்தியில் ஒரு வரி.

#13 அச்சுக்கோப்பு

ஷீட்ஸ் முறையில் இரண்டு தடங்கல். இரண்டு பிளாக்கர் தளங்களுக்கு இம்போர்ட்ஃபீட் பிழை காட்டுகிறது. இன்னொரு தளத்தில் ஓடை வருகிறது, ஆனால் ரெஜெக்ஸ்மேட்ச் சில வரிகளில் மட்டும் பிழை என்கிறது.

#14 ஏட்டுப்புழு

முதலாவது: முகவரியை உலாவியில் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் தளக்காரர் ஓடையை "எதுவுமில்லை" என்று அணைத்து வைத்திருக்கிறார், நம்மால் ஒன்றும் ஆகாது. அந்த இரண்டுக்கும் மட்டும் கூகுளில் "சைட்", முக்காற்புள்ளி, தள முகவரி போட்டு அலர்ட் வையுங்கள். உலாவியில் வருகிறது, ஷீட்ஸில் வரவில்லை என்றால் தளம் சொந்தப் பெயருக்கு மாறியிருக்கும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரியை விட்டுவிட்டு, உலாவி கடைசியாகப் போய் நிற்கும் முகவரியைக் கொடுங்கள்.

இரண்டாவது: பதிவின் தலைப்பு "1984" மாதிரி வெறும் எண்ணாக இருந்தால் ஷீட்ஸ் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், ரெஜெக்ஸ்மேட்ச் எழுத்தைத்தான் ஏற்கும். சூத்திரத்தில் தலைப்புக் கட்டத்தையும் சுருக்கக் கட்டத்தையும் நடுவில் ஒரு வெற்றிடம் விட்டு "&" குறியால் ஒட்டிக் கொடுங்கள். எண் எழுத்தாகிவிடும், சுருக்கத்துக்குள்ளும் சேர்த்துத் தேடினதாகிவிடும்.